குப்பையில் புரட்டி எடுத்த பிள்ளைகள்

சென்ற ஆவணியில் சிவகங்கைப் பக்கம் ஒரு குலசாமி கோயிலில் காதுகுத்து. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பதினோரு மாதப் பிள்ளை, தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தது. ஆசாரி மஞ்சள் பையிலிருந்து கம்பியை எடுத்து, வேட்டி முனையில் ஒரு துடை துடைத்து, குத்தினார். பிள்ளை வீறிட்டது. அந்தக் கூச்சலுக்கு நடுவே என் மனைவியின் பெரியப்பா என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "இந்தப் பிஞ்சு உடம்புல போயி மாசத்துக்கு ஒரு ஊசியக் குத்துறானுங்களே மாப்ள, அது பாவமில்லையா?"

ஆசாரி அடுத்த காதுக்காகக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் மாமா என்று கூப்பிடும் இந்தப் பெரியப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு கைபேசியில் வருவதையெல்லாம் ஒன்று விடாமல் படிக்கிறார். அதனால் அவர் அடுத்துச் சொன்னது எனக்குப் புதிதில்லை. "எங்க அப்பத்தா பதினோரு புள்ள பெத்தவ. எந்த ஊசியப் போட்டா? எங்கப்பா எம்பத்தாறு வயசு வரைக்கும் வயக்காட்டுல நின்னாரு."

"பதினொண்ணுல எத்தன தங்குச்சு மாமா?"

விரல்விட்டு எண்ணினார். பெயர் தெரிந்தவற்றை ஒரு கையிலும் பெயர் வைக்கும் முன்பே போனவற்றை மறு கையிலும் எண்ணினார். "அஞ்சு" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தக் காலத்துல அப்படித்தான்."

அவருடைய அப்பாவின் பெயர் குப்புசாமி.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்று நம்மில் பலருக்கு மறந்துவிட்டது. அடுத்தடுத்துப் பிள்ளைகள் சாகிற வீட்டில், பிறந்த குழந்தையை முறத்தில் வைத்துக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய்ப் புரட்டி எடுப்பார்கள். இது எங்களுக்கு வேண்டாத பிள்ளை, குப்பையில் கிடந்தது என்று எமனுக்குப் பொய் சொல்வது. ஆணானால் குப்பன், குப்புசாமி. பெண்ணானால் குப்பாயி, குப்பம்மாள். சிலர் பக்கத்து வீட்டுக்காரியிடம் குழந்தையைக் கொடுத்து, ஒரு படி தவிட்டைப் போட்டுத் திரும்ப வாங்குவார்கள். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று நாம் இன்றைக்குப் பிள்ளைகளைச் சீண்டுகிறோமே, அது ஒரு காலத்தில் சீண்டலாக இல்லை. மடியேந்தி வாங்கியதாகப் பாவித்த பிள்ளை பிச்சை ஆயிற்று. மூக்குக் குத்தி அடையாளத்தை மாற்றிய ஆண் பிள்ளை மூக்கன் ஆயிற்று. உங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். மூன்று தலைமுறைக்குள் ஒரு குப்புசாமியோ பிச்சையோ மூக்கனோ கட்டாயம் இருப்பார். அப்படி ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும், அந்தப் பெயரை வைக்கக் காரணமான இரண்டு மூன்று குழிகள் இருக்கும்.

"நம் முன்னோர் ஊசி போட்டா வளர்ந்தார்கள்?" என்று கேட்கிறவர்கள் வளர்ந்தவர்களை மட்டும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். வளராதவர்களை யாரும் அழைப்பதில்லை. முன்னோர் வாக்கை எடுப்பதென்றால் முழுதாக எடுக்க வேண்டும். அவர்கள் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எண்ணிக்கையாகவும் அது பதிவாகியிருக்கிறது. ஜோசப் போர் தலைமையில் அமைந்த சுகாதாரக் குழு 1946-இல் தந்த அறிக்கைப்படி, 1937-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 162 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் 2020-இல் அந்த எண் 13. இந்த இறக்கம் முழுவதும் ஊசியால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அது பொய். பேதியில் போன பிள்ளைகள் உண்டு, பசியில் போனவை உண்டு, பிரசவத்திலேயே போனவை உண்டு. உப்புச் சர்க்கரைக் கரைசலும் சத்துணவும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் தம் பங்குக்குப் பிள்ளைகளைக் காத்திருக்கின்றன.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் படித்த எதிர்ப்பாளர் உள்ளே வருவார். "பார்த்தீர்களா, நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். நோயை விரட்டியது நல்ல தண்ணீரும் நல்ல சாப்பாடும் கக்கூசும். ஊசி கடைசியில் வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போனது." கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும் வாதம் இது. மாமா சொன்னதைவிட இதற்குத்தான் அதிகம் பதில் சொல்ல வேண்டும்.

தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். நம் பக்கம் மணல்வாரி என்பார்கள். 1963-இல் அமெரிக்காவில் இதற்குத் தடுப்பூசி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த நாட்டில் வருடத்துக்கு 30 முதல் 40 லட்சம் பேருக்குத் தட்டம்மை வந்தது. ஏறத்தாழ ஒவ்வொரு பிள்ளைக்கும் பதினைந்து வயதுக்குள் வந்தது. ஆண்டுக்குச் சுமார் 48,000 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 400 முதல் 500 பேர் இறந்தார்கள். 1962-இல் அமெரிக்க வீடுகளில் குழாய்த் தண்ணீர் இல்லையா, கக்கூஸ் இல்லையா, குளிர்பதனப் பெட்டியில் பாலும் முட்டையும் இல்லையா? எல்லாம் இருந்தது. நல்ல சாப்பாடு சாவைக் குறைத்தது உண்மை. நோயை அது ஒரு அங்குலமும் நகர்த்தவில்லை. ஏனென்றால் இந்தக் கிருமி தண்ணீரில் வருவதில்லை, காற்றில் வருகிறது. நோயுள்ள பிள்ளை இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரை மிதந்துகொண்டிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவக் காற்றுக்குக் கையா இருக்கிறது? அதே நாடு 2000-இல் தட்டம்மைத் தொடர் பரவல் ஒழிந்தது என்று அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் புதிதாக வந்தது கக்கூஸ் இல்லை.

இளம்பிள்ளை வாதத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. சுத்தம் போதும் என்று சொல்பவர்களை அது தலைகீழாக அறைகிறது. சாக்கடை திறந்து ஓடிய காலத்தில் குழந்தைகளுக்கு அந்தக் கிருமி பிறந்த சில மாதங்களிலேயே தொற்றிவிடும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள் உடம்பில் மிச்சமிருக்கும் பருவம் என்பதால் பெரும்பாலும் முடக்காமல் போய்விடும். ஊர் சுத்தமாக ஆக, தொற்று தள்ளிப்போய், அந்தப் பாதுகாப்பு கரைந்த பிறகு வந்தது. கால்களை எடுத்துக்கொண்டு போனது. 1952-இல் அமெரிக்காவில் ஒரே ஆண்டில் சுமார் 58,000 பேருக்கு வந்ததே, அது சுத்தமான ஊர்களில் வந்த கொள்ளை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2009-இல் உலகத்திலேயே அதிகமாக இந்தியாவில் 741 போலியோ நோயாளிகள். பெரும்பாலானோர் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும். 2010-இல் 42. 2011-இல் ஒன்றே ஒன்று. அந்த ஆண்டு ஜனவரி 13-ஆம் தேதி மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு சின்னப் பெண் குழந்தைக்குக் கால் துவண்டது. அதற்குப் பிறகு இயற்கையான போலியோ கிருமியால் ஒரு குழந்தைகூட இங்கே முடங்கவில்லை. இந்த இரண்டு வருடத்தில் பீகாரின் கோசி ஆற்றங்கரைக் கிராமங்களுக்கெல்லாம் பாதாளச் சாக்கடை வந்துவிட்டதா? அந்தச் சாக்கடை அப்படியேதான் ஓடியது. மாறியது சொட்டு மருந்து: எஞ்சியிருந்த இரண்டு வகைக் கிருமிக்கும் சேர்த்து வேலை செய்யும் புதிய மருந்தை 2010-இல் கொண்டுவந்தார்கள். வீட்டுச் சுவரில் சாக்கட்டியால் குறி போட்டுக்கொண்டு, ரயிலில், செங்கல் சூளையில், பேருந்து நிலையத்தில் தேடித்தேடிக் கொடுத்தார்கள். சுண்டு விரலில் மை வைத்தார்கள். கக்கூஸ் வேண்டும், அதற்கு ஆயிரம் காரணம் உண்டு. போலியோ போனதற்கு அது காரணம் இல்லை.

மாமாவின் அடுத்த அம்பு எங்களுக்கு நேர் எதிரிலேயே நின்றிருந்தது: கோயில் வேப்பமரம். "அம்மைக்கு ஆத்தா இருக்கா, வேப்பிலை இருக்கு. வெள்ளைக்காரன் வந்தா நமக்குச் சொல்லிக்குடுத்தான்?"

அம்மை கண்ட வீட்டின் முறைகளை நான் கேலி செய்ய மாட்டேன். வாசலில் வேப்பிலை செருகுவது, வெளியாள் வராதிருப்பது, தாளிக்காதது, பிள்ளையைக் குளிர்ச்சியாகப் படுக்க வைப்பது, மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை வெளியே விடாதது. இவை அத்தனையும் நல்ல பராமரிப்பு, நல்ல தனிமைப்படுத்தல். ஆனால் இந்த முறைகள் பிறந்தது பெரியம்மையைப் பார்த்து. பெரியம்மைக்காரர், முத்து வெளியே தெரிகிற சமயத்தில்தான் பிறருக்குப் பரப்பத் தொடங்குவார். அதனால் முத்தைப் பார்த்து வேப்பிலை செருகினால் அது பயன்படும். தட்டம்மை அப்படியில்லை. வேர்க்குரு மாதிரி சிவப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பிள்ளை பரப்பிக்கொண்டிருக்கும். வெறும் சளிக்காய்ச்சல் என்று நினைத்து நாம் பால்வாடிக்கும் கல்யாணத்துக்கும் தூக்கிக்கொண்டு அலைகிற நான்கு நாள். நாம் வேப்பிலை ஒடிக்கப் போகும்போது ஆத்தா நாலு வீடு தாண்டியிருப்பாள்.

இன்னொன்று. முன்னோர் குத்திக்கொள்ளவில்லை என்பதே தவறான வரலாறு. இங்கிலாந்தில் ஜென்னர் பசு அம்மையை எடுத்துக் குத்துவதற்கு முன்பே, வங்காளத்தில் ஊர் ஊராகப் போய், முந்தைய ஆண்டின் அம்மைச் சீழைக் கையில் கீறி ஏற்றுகிறவர்கள் இருந்தார்கள். ஹோல்வெல் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதைப் பார்த்து 1767-இல் எழுதி அச்சிட்டிருக்கிறார். ஆபத்தான வேலைதான், சிலர் அதிலேயே செத்திருக்கிறார்கள். அப்படியும் பெற்றவர்கள் பிள்ளையின் கையை நீட்டினார்கள் என்றால் நோயை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்! நம் ஊரில் "அம்மை குத்துறவர் வர்றார்" என்றதும் பிள்ளைகள் வைக்கோல் படப்புக்குள் ஒளிந்த கதையை எழுபது வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் கோயில் வழக்கப்படி சட்டையில்லாமல் துண்டு மட்டும் போட்டிருந்தார். இடது தோளுக்குக் கீழே, அந்தக் காலத்து நாலணா அளவில், சுருங்கிய வட்டத் தழும்புகள் இரண்டு. எந்த ஊசியும் போடாமல் வளர்ந்த தலைமுறை. நான் அதைத் தொட்டுக் காட்டினேன். "இது சின்ன வயசுல குத்துனது, அது வேற" என்றார்.

அது வேறில்லை. 1974-இல்கூட இந்தியாவில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் பெரியம்மை கண்டது. மறு ஆண்டு மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் கடைசி நோயாளி. நோயாளியைத் தேடிப் பிடித்து, சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் குத்தி வேலி போட்டு முடித்த கதை அது. 1980-இல் உலகத்தை விட்டே போய்விட்டது என்று அறிவித்தார்கள். பங்குனிப் பொங்கலும் தீச்சட்டியும் குறையவில்லை. ஆத்தா இருக்கிறாள், முத்துதான் போய்விட்டது.

"வந்து போனால் உடம்புக்கு நல்லது, இயற்கையான எதிர்ப்பு சக்தி" என்பதற்கு ஒரு பத்தி போதும். தட்டம்மை வந்து பிழைத்தவருக்குத் தட்டம்மை திரும்ப வராது, சரி. ஆனால் அது போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போகிறது என்பதை 2019-இல் கண்டுபிடித்தார்கள். பழைய நோய்களை நினைவு வைத்திருக்கும் அணுக்களையே இந்தக் கிருமி தேடிப் போய்த் தாக்குகிறது. ஏற்கெனவே சம்பாதித்திருந்த எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 சதவீதம் வரை பிள்ளைகள் இழந்திருந்தார்கள். பத்து வருடக் கணக்கு நோட்டைத் திருடன் எரித்துவிட்டுப் போகிற மாதிரி. அம்மை இறங்கிய பிள்ளை அடுத்த ஒரு வருடத்துக்குச் சளியும் பேதியுமாகத் தேறாமலே கிடக்கும் என்று நம் கிழவிகள் சொன்னது அதைத்தான். ஆயிரத்தில் ஒருவருக்கு மூளைக் காய்ச்சல். சிலருக்கு ஏழெட்டு வருடம் கழித்து மூளை மெல்லச் செயலிழந்து சாவு. இதற்கு இயற்கை என்று பெயர் வைத்தால், பாம்புக்கடியும் இயற்கைதான்.

ஊசியால் ஆட்டிசம் வரும் என்பதற்கு அவ்வளவுகூட வேண்டாம். 1998-இல் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரை. அதை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. எழுதிய வேக்ஃபீல்ட் மருத்துவப் பதிவை இழந்தார். டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2019-இல் சொன்னார்கள்: தொடர்பு இல்லை.

கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான் என்கிற புகாரை நான் அப்படித் தள்ள மாட்டேன். மருந்துக் கம்பெனிகளை நம்பாமலிருக்க நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் அந்தக் கோபம் எங்கே போயிருக்க வேண்டும்? குன்னூர் பாஸ்டர் நிலையமும் கிண்டி பிசிஜி ஆய்வகமும் நம் அரசாங்கத்துடையவை. பல பத்தாண்டுகளாக இந்தியக் குழந்தைகளுக்கான ஊசியை லாபமில்லாமல் செய்து கொடுத்தவை. 2008 ஜனவரியில், உற்பத்தித் தரவிதிகளைக் காட்டி அவற்றின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். அந்தச் சந்தையில் தனியார் உட்கார்ந்தார்கள். இரண்டு வருடம் கழித்து நிறுத்தம் விலகியது. செங்கல்பட்டில் நூற்றுக்கணக்கான கோடியில் எழுப்பிய அரசுத் தடுப்பூசி வளாகம், நாடே கொரோனா ஊசிக்கு அலைந்த 2021-இல்கூட உற்பத்தியில்லாமல்தான் கிடந்தது. கம்பெனிக் கொள்ளையைப் பற்றி எனக்குக் காணொளி அனுப்புகிறவர்களில் ஒருவரும் இந்த மூன்று இடத்தைப் பற்றி ஒரு வரி அனுப்பியதில்லை. அரசு ஊசி இலவசம் என்பதும் அவர்கள் நினைவில் இருப்பதில்லை. ஒரு தட்டம்மைக் குழந்தை நிமோனியாவோடு தனியார் ஆஸ்பத்திரித் தீவிரப் பிரிவில் கிடந்தால் கம்பெனிக்கு எவ்வளவு லாபம் என்று கணக்கு வாத்தியார் மாமாதான் போட்டுச் சொல்ல வேண்டும்.

"தோல்வியை மறைப்பார்கள்" என்பது இதன் தம்பி. நம் மாநிலத்திலேயே விடை இருக்கிறது. 1955-இல் ராஜாஜி காசநோய்க்கான பிசிஜி ஊசியைக் கடுமையாக எதிர்த்தார், நான் ஏன் எதிர்க்கிறேன் என்று தனிப் பிரசுரமே போட்டார். அந்த எதிர்ப்பை அலட்சியம் செய்யவும் முடியவில்லை, பிரசுரத்தால் அது தீரவும் இல்லை. தீர்த்தது செங்கல்பட்டு. 1968-இல் தொடங்கி, லட்சக்கணக்கான கிராமத்து மக்களிடம் நடந்த உலகின் மிகப் பெரிய பிசிஜி ஆய்வு. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்பதே முடிவு. நடத்தியவர்களே 1979-இல் தங்களுக்குப் பாதகமான முடிவை அச்சிட்டார்கள். இன்றும் பிறந்தவுடன் பிசிஜி போடுகிறோம், பச்சைக் குழந்தையைக் கொல்லும் மூளைக் காசநோயை அது தடுக்கிறது என்பதால். எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று இப்படிப் பிரித்துச் சொன்னதற்குப் பெயர் மறைப்பது என்றால் வேறு எதைத் திறப்பது என்பது?

சரி, ஊசியால் சாவே நடந்ததில்லையா? நடந்திருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. ஊசியை ஆதரிப்பவர்கள் இதைப் பேசாமல் நழுவுவது தவறு. நழுவினால் அந்த இடத்தை வாட்ஸ்அப் நிரப்பும். தட்டம்மை ஊசி பொடியாக வருகிறது, அதற்கான நீரில் கரைக்க வேண்டும், நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மிச்சத்தை மறுநாளுக்கு வைத்தால் அதில் வேறு கிருமி வளர்ந்து விஷமாகும். கரைக்கும் நீருக்குப் பதில் பக்கத்தில் இருந்த வேறு குப்பியை எடுத்தாலும் அதே கதிதான். கைப்பிழை கொல்லும்.

இதன் பிறகு என்ன செய்வது என்பதில்தான் ஊர்கள் வேறுபடுகின்றன. பசிபிக் கடலில் சமோவா என்று ஒரு தீவு நாடு, இரண்டு லட்சம் சனம். 2018 ஜூலையில் அங்கே ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு குழந்தைகள், ஊசி போட்ட சில நிமிடங்களில் இறந்தன. செவிலியர் கரைப்பதற்கு எடுத்தது நீர் இல்லை, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தும் மருந்து, அதுவும் காலாவதியானது. ஊசியில் குற்றமில்லை. ஆனால் அரசு அந்த ஊசித் திட்டத்தையே மாதக்கணக்கில் நிறுத்தியது. இரண்டு செவிலியருக்கும் 2019-இல் ஐந்தாண்டுச் சிறை. அதற்குள் பயம் ஊர் முழுக்க வேர்விட்டிருந்தது. வெளியிலிருந்து வந்து ஊதியவர்களும் இருந்தார்கள். 2018-இல் அங்கே தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் மூன்றில் ஒரு பங்குதான்.

2019-இல் நியூசிலாந்திலிருந்து விமானத்தில் தட்டம்மை வந்து இறங்கியது. நவம்பரில் நெருக்கடி நிலை, பள்ளிகள் மூடல். டிசம்பர் 5, 6 தேதிகளில் நாட்டையே இழுத்து மூடினார்கள். ஊசி போடாதவர் இருக்கிற வீடுகள் வாசலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று அறிவிப்பு. துணி மட்டுமே அசைந்த தெருக்களில் ஊசிக் குழுக்கள் வீடு வீடாகப் போயின. 5,700 பேருக்கு மேல் நோய், 83 சாவு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். இரண்டு குழந்தைகளின் சாவு கொடுமை. அதற்குப் பயந்து ஊசியை நிறுத்தியதன் விலை எண்பத்து மூன்று.

வாசலில் கட்டிய அந்தச் சிவப்புத் துணியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேப்பிலைதான் ஞாபகம் வரும்.

நம் ஊரில் இப்படிப்பட்ட கைப்பிழைகளைத் தடுக்கும் முறைகள் இன்று ஒவ்வொரு புதன்கிழமையும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரு தடவை அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு. குப்பியைத் திறந்த மணியை நர்சம்மா பேனாவால் அதன் மேலேயே எழுதுகிறார். லேபிளில் வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம், சூடு பட்டிருந்தால் கறுத்துக்கொண்டே வரும், வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். ஊசி போட்டபின் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். இந்த அரை மணியைத்தான் நம்மாட்கள் "வேலை மெனக்கெட்டு உக்கார வைக்கிறாங்க" என்று திட்டுவது.

கடைசியாக வருவது "என் பிள்ளை, என் விருப்பம்." 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது, பள்ளிக்கூட வாசல்களில் பெற்றோர் இதைச் சொல்லித்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். "ரூபெல்லா கர்ப்பிணிக்குத்தானே ஆபத்து, என் பையனுக்கு எதற்கு?" என்றும் கேட்டார்கள். இந்தக் கேள்வியை மதிக்கிறேன், பதிலும் இருக்கிறது.

1941-இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறவியிலேயே கண்புரையோடு குழந்தைகள் வரிசையாக வருவதைப் பார்த்துக் குழம்பியிருந்தார். அப்போது காத்திருந்த தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது: கர்ப்பத்தின் தொடக்கத்தில் எனக்கும் அந்த லேசான அம்மை வந்தது, உனக்குமா? தாய்மார் பேச்சிலிருந்து மருத்துவம் எடுத்துக்கொண்டது அது. கண்புரை, செவிடு, இதயத்தில் ஓட்டை. அந்த லேசான அம்மையை, அதாவது ரூபெல்லாவை, கர்ப்பிணிக்குக் கொண்டுவருவது யார்? பெரும்பாலும் ஒரு சிறுவன். அவளுடைய மூத்த பிள்ளை, அல்லது பேருந்தில் அவள் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் பையன். அவனுக்கு இரண்டு நாள் காய்ச்சல், ஒரு நாள் லீவு. அவனுடைய விருப்பத்தின் விலையைக் கொடுப்பது இன்னும் பிறக்காத வேறொரு குழந்தை. அதற்கு விருப்பம் கேட்டவர் யார்?

தட்டம்மையிலும் அதே கணக்கு. ஒன்பது மாதம் ஆகும்வரை நாம் குழந்தைக்கு அந்த ஊசி போடுவதில்லை. அதுவரை அதன் ஒரே காவல், சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்டிருப்பது. ஒரு நோயாளி பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குக் கொடுக்கக்கூடிய நோய் என்பதால், நூற்றில் தொண்ணூற்றைந்து பேராவது போட்டிருந்தால்தான் வேலி நிற்கும். மீதி ஐந்து இடம் புற்றுநோய் மருந்து எடுக்கும் பிள்ளைக்கும் கைக்குழந்தைக்கும் ஒதுக்கியது. அதில் போய் வாட்ஸ்அப் பார்த்து உட்காருவது, மாற்றுத்திறனாளி இருக்கையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுப்பது மாதிரி.

இவ்வளவையும் மாமாவிடம் நான் சொல்லவில்லை. பாதியில் கிடா விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் அவருடைய மருமகள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு காதிலும் பொட்டுத் தங்கம், அதைச் சுற்றி லேசாகச் சிவப்பு. நியூமராலஜி பார்த்து இரண்டு 'வி' போட்டு எழுதிய பெயர் அவனுக்கு, எனக்கு வாயில் நுழையவில்லை.

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "ஒம்பதாம் மாச ஊசி அப்பவே போட்டாச்சுண்ணே. அம்மா வீட்டுக்குப் போறேன்னு போயி போட்டுட்டு வந்தேன். பதினாறு மாசத்துல அடுத்தது." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினாள். "மாமாட்ட சொல்லிறாதீங்க."